பழைய ஹை-ஃபை ஆம்ப்ளிஃபயர்: இணைப்பதும் இயக்குவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1960களிலிருந்து 1980களின் நடுப்பகுதி வரை வந்த ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர்களும், ரேடியோவும் சேர்ந்த ரிசீவர்களும்தான் இங்கே பேசப்படுபவை. பெரும்பாலும் டிரான்சிஸ்டர் செட்டுகள். டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய்களைக் கொண்ட வால்வு செட்டுக்குத் தனியாக ஒரு கேள்வி உண்டு. பழுது என்று சொல்லப்படும் பல ஆம்ப்களில் உண்மையில் எந்தப் பாகமும் போயிருக்காது. ஏதோ ஒரு ஸ்விட்ச் தவறான இடத்தில் இருக்கும், அல்லது ஒரு வயர் தவறான சாக்கெட்டில் இருக்கும். நிஜமாகவே பழுதாகும் செட்டுகளில் பல, முதல் தடவை அவசரப்பட்டு ஆன் செய்யும்போதுதான் போகின்றன. அதனால் முதல் கேள்விக்குப் பதில் நீளம்.

பல வருடம் சும்மா கிடந்த ஆம்ப் கைக்கு வந்திருக்கிறது. பிளக்கில் செருகி ஆன் செய்து பார்க்கலாமா?

வேண்டாம். மூடிக்கிடந்த காலத்தில் உள்ளே இருக்கும் எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்களின் தன்மை மாறியிருக்கும். அவற்றுக்குள் இருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம்தான் மின்சாரத்தைத் தடுத்து நிறுத்துகிறது. நீண்ட காலம் மின்சாரம் படாவிட்டால் அந்தப் படலம் நலிந்துவிடும். திடீரென்று முழு வோல்டேஜ் கொடுத்தால் லீக்கேஜ் கரண்ட் எகிறி, கெபாசிட்டர் சூடாகி வெடிக்கக்கூட வாய்ப்புண்டு.

முதலில் பிளக் வெளியே இருக்கட்டும். மேல் மூடியைக் கழற்றி ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். உச்சி உப்பிய கெபாசிட்டர், அடியில் கசிந்து காய்ந்த கறை, கருகிய ரெசிஸ்டர், எலி கடித்த வயர் எல்லாம் கண்ணுக்கே தெரியும். மின்சாரம் உள்ளே வரும் இடத்தில், பவர் ஸ்விட்சுக்குப் பக்கத்தில், மஞ்சளாகக் கண்ணாடி போன்ற உறையில் ஒரு பாகம் இருந்து அதில் மயிரிழை விரிசல்கள் ஓடினால், அது ரிஃபா நிறுவனத்தின் பழைய பேப்பர் கெபாசிட்டராக இருக்கலாம். விரிசல் வழியே ஈரம் ஏறி, ஆன் செய்த சிறிது நேரத்தில் குப்பென்று புகை விடும். நாற்றம் அறையை விட்டுப் போக நாளாகும். அதை மாற்றிய பிறகுதான் மற்ற வேலை.

அடுத்தது சீரீஸ் பல்ப். ஒரு பழைய இழை பல்பை, அதாவது குண்டு பல்பை, 60 அல்லது 100 வாட்டில் எடுத்து, ஆம்புக்குப் போகும் ஃபேஸ் லைனில் தொடராக இணைக்க வேண்டும். எல்இடி பல்பு இதற்கு ஆகாது. இழை சூடாகும்போது அதன் ரெசிஸ்டன்ஸ் கூடுவதால்தான் இந்த ஏற்பாடே வேலை செய்கிறது. ஸ்பீக்கர் எதுவும் இணைக்காமல், வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து ஆன் செய்யுங்கள். பல்பு பளிச்சென்று ஒரு கணம் எரியும். கெபாசிட்டர்கள் சார்ஜ் ஆகும் நேரம் அது. ஓரிரு விநாடியில் ஒளி மங்கி, இழை மட்டும் செம்மஞ்சளாகத் தெரியும் நிலைக்கு வந்தால் நல்ல சகுனம். மங்காமல் பளபளவென்றே எரிந்தால் உள்ளே எங்கோ ஷார்ட். உடனே அணைத்துவிடுங்கள். பல்பு அந்தக் கரண்டைத் தாங்கிக்கொண்டதால் ஆம்புக்கு மேற்கொண்டு சேதம் வந்திருக்காது.

மங்கிய நிலையில் அரை மணி நேரம் விட்டு வையுங்கள். பக்கத்தை விட்டு நகராதீர்கள். பின்னர் அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, டிரான்ஸ்ஃபார்மரின் வெளிப்புறத்தையும் சூட்டை வெளியேற்றும் உலோகப் பட்டைகளான இரண்டு பக்க ஹீட் சிங்க்குகளையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு இளஞ்சூடாக இருந்தால் சரி. ஒன்று மட்டும் சுட்டால் அந்தச் சேனலில் கோளாறு. பல்பு இருக்கும்வரை ஆம்புக்கு முழு வோல்டேஜ் கிடைக்காது என்பதால் சில செட்டுகளில் ஸ்பீக்கருக்கு இணைப்புத் தரும் தானியங்கி ஸ்விட்சான ரிலே ‘டிக்’ என்று விழாது. அதை வைத்துப் பழுது என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

இந்தப் பல்ப் போர்டை நீங்களே வயரிங் செய்யத் தெரியாவிட்டால் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் ஒன்று செய்து வாங்கிக்கொள்ளுங்கள். பழைய செட்டுகளைத் தொடும் யாருக்கும் இதைவிடப் பயனுள்ள கருவி இல்லை என்பது என் உறுதியான கருத்து.

பின்பக்கம் 100 வோல்ட் என்றோ 120 வோல்ட் என்றோ போட்டிருக்கிறது. என்ன செய்வது?

ஜப்பானின் உள்நாட்டு விற்பனைக்கு வந்தவை 100 வோல்ட். அமெரிக்காவுக்கு வந்தவை 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இவற்றை 230 வோல்ட்டில் செருகினால் கதை முடிந்தது. பின்பக்கம் வோல்டேஜ் செலக்டர் இருக்கிறதா என்று பாருங்கள். சிலவற்றில் ஸ்க்ரூடிரைவரால் திருப்பும் வட்டம் இருக்கும். சிலவற்றில் பிடுங்கித் திருப்பிச் செருகும் கட்டை இருக்கும். சில செட்டுகளில் அது மூடிக்குள் ஒளிந்திருக்கும். பிளக்கை எடுத்த பிறகே மாற்றுங்கள். ஃப்யூஸையும் மறந்துவிடாதீர்கள்: வோல்டேஜ் இரு மடங்கானால் கரண்ட் பாதியாகும், ஆகவே 120 வோல்ட்டில் 4 ஆம்பியர் இருந்த இடத்தில் 240-க்கு 2 ஆம்பியர் போதும். சரியான அளவு செட்டின் முதுகிலோ சர்வீஸ் மேனுவலிலோ இருக்கும். 220, 240 இரண்டும் இருந்தால், உங்கள் வீட்டு லைனை மல்டிமீட்டரில் அளந்து, அதை ஒட்டிய எண்ணில் வையுங்கள். சந்தேகமாக இருந்தால் பெரிய எண்.

செலக்டரே இல்லையென்றால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர்தான் வழி. ஆம்பின் முதுகில் போட்டிருக்கும் வாட் அளவைப் போல ஒன்றரை மடங்காவது தாங்கக்கூடியதாக வாங்குங்கள். ஜப்பானின் கிழக்குப் பகுதியில் 50 ஹெர்ட்ஸ், மேற்கில் 60 ஹெர்ட்ஸ் என்பதால் ஜப்பானிய 100 வோல்ட் செட்டுகள் இரண்டிலும் ஓடும்படி செய்யப்பட்டவை. 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் என்று இருக்கும் அமெரிக்கச் செட்டுகளை 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் டிரான்ஸ்ஃபார்மர் கூடுதலாகச் சூடாகி முனகும். அவற்றை மணிக்கணக்கில் ஓட்டுவதற்கு முன் அந்தச் சூட்டைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு முள் பிளக்தான் இருக்கிறது. தொட்டால் விரலில் லேசாகச் சுருக்கென்கிறது. ஆபத்தா?

எர்த் இல்லாத பழைய செட்டுகளில் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுகளுக்கு இடையில் உள்ள கெபாசிட்டன்ஸ் வழியாக மிகச் சிறிய கரண்ட் உலோகப் பெட்டிக்கு வரும். அதுதான் அந்தச் சுருக். பிளக்கைத் திருப்பிச் செருகினால் சில நேரம் குறையும். ஆனால் மயிர்க்கூச்செறியும் அளவுக்கு இருந்தால், அல்லது ஒரே நாளில் திடீரென்று கூடினால், அது இன்சுலேஷன் கோளாறு. நிறுத்திவிட்டு டெக்னீஷியனிடம் காட்டுங்கள். வயர் உறை வெடித்து, வளைத்தால் உதிரும் நிலையில் இருந்தால் அதை முதலில் மாற்ற வேண்டும். இதில் தள்ளிப்போட எதுவும் இல்லை.

நல்ல ஸ்பீக்கரை இணைப்பதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

டிசி ஆஃப்செட். ஸ்பீக்கருக்குப் போக வேண்டியது ஏசி மட்டும். அதோடு டிசி சேர்ந்து வந்தால் ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் சூடாகிக் கருகும். சீரீஸ் பல்பை எடுத்துவிட்டு ஆம்பை நேரடியாக ஆன் செய்து, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்டில் வைத்து, ஒவ்வொரு சேனலின் சிவப்பு, கறுப்பு முனைகளுக்கு இடையில் அளந்து பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதியாக இணைக்கலாம். 100-ஐத் தாண்டினால் சரிசெய்ய வேண்டும். வோல்ட் கணக்கில் காட்டினால் அவுட்புட் டிரான்சிஸ்டர் போயிருக்கலாம். ஸ்பீக்கரை அதன் அருகில் கொண்டுபோகாதீர்கள்.

1970களின் செட்டுகள் பலவற்றில் ஆன் செய்து சில விநாடி கழித்து ஒரு ‘டிக்’ கேட்கும். அதுதான் புரொடெக்‌ஷன் ரிலே. டிசி இருந்தால் அது விழாது. ரிலே விழவில்லை என்பதற்காக அதைக் கம்பி போட்டு இணைத்துவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்த செட் கையில் கிடைத்தால் அடையாளம் கண்டு அகற்றுங்கள்.

இன்னும் பழைய வடிவமைப்புகளில் ரிலே இருக்காது. ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு பெரிய கெபாசிட்டர் நிற்கும். 1967-ல் வந்த குவாட் 303 அந்த வகை. இவற்றில் ஆன் செய்யும்போது ‘தொம்’ என்று ஒரு சத்தம் வருவது இயல்பு.

எந்த ஸ்பீக்கர் பொருந்தும்? 4 ஓமா, 8 ஓமா?

ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை அளவு. ஆம்பின் முதுகில் ‘8–16 ஓம்’ என்று இருந்தால் 8-க்குக் கீழே போகாதீர்கள். ‘4–16’ என்று இருந்தால் 4 ஓம் ஸ்பீக்கர் ஒரு ஜோடி போடலாம். ஓம் குறையக் குறைய ஆம்ப் அதிகக் கரண்ட் கொடுக்க வேண்டியிருக்கும், சூடும் கூடும்.

ஏமாற்றம் தருவது ‘ஏ+பி’ ஸ்விட்ச். அதில் வைத்தால் இரண்டு ஜோடி ஸ்பீக்கரும் பெரும்பாலான செட்டுகளில் இணையாகச் சேரும். 8 ஓம் இரண்டு சேர்ந்தால் 4 ஓம். 4 ஓம் இரண்டு சேர்ந்தால் 2 ஓம். 2 ஓமைப் பெரும்பாலான பழைய வீட்டு ஆம்ப்கள் நீண்ட நேரம் தாங்காது. இரண்டு ஜோடி வேண்டுமென்றால் ஒவ்வொன்றும் 8 ஓம் இருக்கட்டும்.

வெறும் 20 வாட்தான் போட்டிருக்கிறது. போதுமா?

வீட்டு அறைக்குத் தாராளம். 1 வாட்டுக்கு 1 மீட்டரில் 88 டெசிபல் தரும் சாதாரண ஸ்பீக்கரை வைத்துக்கொண்டால், நாம் வழக்கமாகக் கேட்கும் அளவுக்கு ஒரு வாட்டுக்கும் குறைவே செலவாகும். வாட்டை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல் மட்டும். காதுக்கு அது ‘கொஞ்சம் அதிகம்’ என்ற அளவில்தான் படும். சத்தம் இரட்டித்ததுபோல் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே 20-க்கும் 40-க்கும் நடுவில் மனதைப் போட்டு உழப்ப வேண்டாம்.

எண்களை ஒப்பிடும்போது ஆண்டைப் பாருங்கள். 1974-ல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் விதி கொண்டுவரும்வரை ‘மியூசிக் பவர்’, ‘பீக் பவர்’ என்று ஆளுக்கொரு கணக்கில் விளம்பரம் செய்தார்கள். அந்த விதிக்குப் பிறகுதான் தொடர்ந்து தரக்கூடிய வாட், எந்த ஓமில், எந்த அதிர்வெண் வரம்பில், எவ்வளவு டிஸ்டார்ஷனில் என்று எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று. சோதனைக்கு முன் மூன்றில் ஒரு பங்கு பவரில் ஒரு மணி நேரம் ஓட்டிச் சூடாக்கவும் வேண்டியிருந்தது. அந்தக் காலத்துச் செட்டுகளில் பெரிய டிரான்ஸ்ஃபார்மரும் அகன்ற ஹீட் சிங்க்கும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஸ்பீக்கர் வயர் எது வாங்குவது?

சாதாரணச் செம்பு இழை வயர். சில மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மி.மீ., அதற்கு மேல் 2.5. விலை உயர்ந்த வயரில் போடும் பணத்தை ஆம்பைச் சர்வீஸ் செய்யச் செலவிடுங்கள். கவனிக்க வேண்டியது முனைகளை. உறையைச் சீவிய பிறகு இழைகளை இறுக்கி முறுக்குங்கள். ஒரே ஒரு இழை பிரிந்து பக்கத்து முனையைத் தொட்டால்கூட அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடும். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு பக்கம் மட்டும் மாறிவிட்டால் சேதம் இல்லை, ஆனால் பேஸ் காணாமல் போகும். பாடகர் குரல் நடுவில் நிற்காமல் அறை முழுக்கக் கரைந்து கிடக்கும். ஆன் செய்த நிலையில் வயரைத் தொடவே கூடாது.

ஃபோனோ, ஆக்ஸ், டேப், ட்யூனர் என்று இத்தனை சாக்கெட். ஃபோனையும் டிவியையும் எதில் செருகுவது?

ஃபோனோவைத் தவிர எதில் வேண்டுமானாலும். ஆக்ஸ், ட்யூனர், டேப் ‘ப்ளே’ மூன்றும் உள்ளே ஒரே மாதிரி. ஃபோனோ மட்டும் தனி ஜாதி. டர்ன்டேபிளின், அதாவது இசைத்தட்டு பிளேயரின், முள் பொருத்திய மேக்னட் கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது 3 முதல் 5 மில்லிவோல்ட். அதைப் பல மடங்கு பெருக்குவதோடு, இசைத்தட்டு வெட்டும்போது குறைத்த பேஸைக் கூட்டி, கூட்டிய ட்ரெபிளைக் குறைக்கவும் வேண்டும். 1950களின் நடுவில் பொதுவான ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு இதற்குத்தான். 20 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 20 டெசிபல் ஏற்றம், 20 கிலோஹெர்ட்ஸில் அதே அளவு இறக்கம். ஃபோனிலிருந்து வரும் பாட்டை இந்தச் சாக்கெட்டில் கொடுத்தால் கனத்துப்போய், உடைந்து, மூச்சுத் திணறுவதுபோல் கேட்கும். எதிர்ப்பக்கமாக, டர்ன்டேபிளை ஆக்ஸில் செருகினால் ஈனக் குரலில், கீச்சென்று வரும். விதிவிலக்கு, பழைய செராமிக் கார்ட்ரிட்ஜ் உள்ள பிளேயர்கள். அவற்றின் அவுட்புட் அதிகம், ஆக்ஸில் போடலாம்.

ஃபோனுக்கு ஒரு புளூடூத் ரிசீவர் வாங்கி ஆக்ஸில் இணைத்தால் போதும். டிவியில் ஆப்டிகல் மட்டும் இருந்தால் நடுவில் டிஜிட்டல் ஒலியை ஆம்புக்கேற்ற அனலாக் ஒலியாக மாற்றும் சிறிய டிஏசி பெட்டி ஒன்று வேண்டும். டிவி மெனுவில் ஒலி வடிவத்தைப் பிசிஎம் என்று மாற்றாவிட்டால் அந்தப் பெட்டி மௌனமாக இருக்கும்.

வால்யூமைக் கொஞ்சம் திருப்பினாலே காது கிழிகிறதே?

அந்தக் காலத்து ஆக்ஸ் இன்புட் 150, 200 மில்லிவோல்ட்டுக்கே முழுப் பவர் கொடுக்கும்படி அமைக்கப்பட்டது. சிடி பிளேயரும் டிஏசியும் 2 வோல்ட் வரை தருகின்றன. வால்யூம் குமிழ் கடிகாரத்தின் 9 மணி நிலையைத் தொடும்போதே ஆம்ப் தன் எல்லையை எட்டிவிடும். ஆரம்பப் பகுதியில் பழைய வால்யூம் கன்ட்ரோலின் இரண்டு சேனலும் ஒத்துப்போகாது என்பதால் ஒரு பக்கம் சத்தம் கூடவும் செய்யும். ஃபோனிலோ பெட்டியிலோ சத்தத்தைக் குறைத்துவிட்டு, ஆம்பில் 10, 11 மணி நிலைக்குக் கொண்டுவாருங்கள். ‘மியூட்டிங் –20 டிபி’ என்ற ஸ்விட்ச் இருந்தால் நிரந்தரமாகப் போட்டு வைக்கலாம், ஒரு கெடுதலும் இல்லை.

குமிழ் பாதிக்கும் கீழேதான் இருக்கிறது, ஆகவே ஆம்ப் சிரமப்படவில்லை என்று எண்ண வேண்டாம். ஒலி கரடுமுரடானால், அது எந்த இடத்தில் இருந்தாலும், உடனே குறையுங்கள். எல்லை மீறி ஒலி வெட்டுப்படும், அதாவது கிளிப்பாகும் ஆம்ப் முதலில் சுடுவது ட்வீட்டரை, உயர்ந்த சுரங்களுக்கான சிறிய ஸ்பீக்கரை.

வட்டமான ஐந்து முள் சாக்கெட் இருக்கிறது. இது எதற்கு?

ஐரோப்பியச் செட்டுகளின் டின் சாக்கெட். 3 இடது, 5 வலது, 2 எர்த். ஒலி உள்ளே போவது இந்த மூன்றில். டேப் சாக்கெட்டில் 1, 4 இரண்டும் ரெக்கார்டிங்குக்காக வெளியே வருபவை. இதை மற்றச் சாதனங்களின் சிவப்பு-வெள்ளை வட்ட பிளக்குகளோடு இணைக்கும் டின்-ஆர்சிஏ கேபிள் வாங்கும்போது ‘உள்ளே’ போகும் வகையா ‘வெளியே’ வரும் வகையா என்று பாருங்கள்; இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றுதான். முள்களை இடமிருந்து வலமாக எண்ணினால் 1, 2, 3, 4, 5 என்று வராது. ஒரு ஓரத்திலிருந்து 1, 4, 2, 5, 3 என்று வரும். நீங்களே சாலிடர் செய்யும்போது பிளக்கில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்துச் செய்யுங்கள்.

விளக்கு எரிகிறது, ரிலே விழுகிறது, ஆனால் சத்தமே இல்லை.

இந்த ஒரு கேள்விக்காகவே மூடியைத் திறந்து பாகங்களை மாற்றத் தொடங்கியவர்கள் ஏராளம். திறக்காதீர்கள். முகப்பில் ‘டேப் மானிட்டர்’ என்று ஒரு பட்டனோ லீவரோ இருக்கும். அது உள்ளே அழுந்தியிருந்தால் ஆம்ப், டேப் ரெக்கார்டரிலிருந்து மட்டுமே ஒலியை எதிர்பார்க்கும். செலக்டரை எங்கே திருப்பினாலும் பயன் இல்லை. ‘சோர்ஸ்’ பக்கம் தள்ளுங்கள். பெரும்பாலானோருக்கு இத்தோடு தீர்ந்துவிடும்.

தீரவில்லையா? முதுகைத் திருப்புங்கள். பல செட்டுகளில் ‘ப்ரீ அவுட்’, ‘மெயின் இன்’ என்று நான்கு ஆர்சிஏ சாக்கெட்டுகள் அடுத்தடுத்து இருக்கும். அவற்றை இரண்டு இரண்டாக இணைக்க, கம்பியை வளைத்துச் செய்த இரண்டு சிறிய கிளிப்புகள் செருகப்பட்டிருக்க வேண்டும். கைமாறும்போது இவைதான் முதலில் தொலையும். ஒன்று தொலைந்தால் ஒரு சேனல் ஊமை. இரண்டும் தொலைந்தால் ஆம்பே ஊமை. சின்ன ஆர்சிஏ கேபிள் ஒரு ஜோடி போட்டால் வேலை முடிந்தது. கிளிப் இருந்தும் சத்தம் வரவில்லை என்றால் பிடுங்கிப் பாருங்கள்: கறுத்துப் போயிருக்கும். நைஸ் துணியில் தேய்த்துப் பளபளப்பாக்கிச் செருகுங்கள். சில செட்டுகளில் கிளிப்புக்குப் பதிலாக ‘கப்பிள்டு / செபரேட்’ என்று ஸ்விட்ச் இருக்கும், கப்பிள்டில் வையுங்கள்.

அடுத்து ஸ்பீக்கர் ஸ்விட்ச். ‘ஆஃப்’ நிலையில் வைத்து ஹெட்ஃபோனில் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவரிடமிருந்து வந்திருக்கலாம். அதன் பிறகும் மௌனமென்றால் ஹெட்ஃபோனைச் செருகிப் பாருங்கள். அதில் ஒலி இருந்தால் ஆம்ப் நலம்; கோளாறு ஸ்பீக்கர் ஸ்விட்சிலோ வயரிலோ.

ஒரு பக்கம் மட்டும் வேலை செய்கிறது.

மாற்றிப் போட்டுப் பார்ப்பதுதான் முறை. அணைத்துவிட்டு, பின்னால் இன்புட்டின் இடது வலது பிளக்குகளை இடம் மாற்றுங்கள். ஊமைப் பக்கமும் கூடவே மாறினால் கோளாறு ஃபோனிலோ கேபிளிலோ. மாறாவிட்டால் ஸ்பீக்கர் வயர்களை ஆம்ப் முனையில் இடம் மாற்றுங்கள். இப்போது ஊமை நகர்ந்தால் கோளாறு ஆம்பில். நகராவிட்டால் ஸ்பீக்கரில் அல்லது அதன் வயரில். பேலன்ஸ் நடுவில்தான் இருக்கிறதா என்பதை அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

ஓர் அடையாளம்: மெதுவாக வைத்தால் ஒரு பக்கம் காணாமல் போகிறது, சத்தமாக வைத்தால் ‘பட்’டென்று திரும்பி வருகிறது, பிறகு குறைத்தாலும் தங்குகிறது. இப்படி இருந்தால் ரிலேயின் தொடுமுனைகள் கறுத்திருக்கின்றன என்று ஏறக்குறைய நிச்சயமாகச் சொல்லலாம். ரிலேயை மாற்றுவது சிறிய வேலை.

குமிழைத் திருப்பினால் கரகரவென்கிறது.

தூசியும் ஆக்சைடும். இதற்கென்றே வரும் கான்டாக்ட் கிளீனர் வாங்குங்கள். டீஆக்ஸிட் பரவலாகக் கிடைப்பது. டபிள்யூடி-40 வேண்டாம், குமிழ்த் தண்டு வழவழவென்று திரும்ப உள்ளே வைத்திருக்கும் கிரீஸை அது கரைத்து, எண்ணெய்ப் படலத்தை விட்டுப் போகும், அதில் மறுபடி தூசி ஒட்டும்.

முகப்பிலிருந்து தண்டு வழியாக அடித்தால் உள்ளே போய்ச் சேராது. பிளக்கைப் பிடுங்கி மூடியைத் திறந்து, கன்ட்ரோலின் பின்பக்கம் பாருங்கள். சாலிடர் செய்த மூன்று கால்களுக்கு மேலே ஒரு சிறு இடைவெளி தெரியும். ஸ்ப்ரேயின் குழாயை அங்கே வைத்து அரை விநாடி அழுத்தினால் போதும். உடனே குமிழை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு முப்பது நாற்பது முறை திருப்புங்கள். முதலில் மணல் அரைபடுவது போன்ற ஓர் உணர்வு விரலுக்குத் தெரியும். பிறகு அது மறைந்து சீராகும். இரட்டைச் சேனல் கன்ட்ரோலில் இரண்டு அடுக்கு இருக்கும், இரண்டுக்கும் அடிக்க வேண்டும். செலக்டர், டேப் மானிட்டர், மோனோ என்று எல்லா ஸ்விட்சுகளுக்கும் இதே வைத்தியம். நன்கு உலர்ந்த பிறகு ஆன் செய்யுங்கள்.

யாரும் எதையும் தொடாதபோதே பொரிகிற மாதிரி சத்தம் வந்து, வால்யூமைக் குறைத்தாலும் குறையாமல் இருந்தால் அது தூசி அல்ல, டிரான்சிஸ்டர். 2எஸ்சி458 என்ற எண் கொண்ட ஜப்பானிய டிரான்சிஸ்டர்கள் வயதாகி இரைச்சல் போடுவதற்குப் பேர்போனவை.

‘ம்ம்ம்’ என்று ஹம் வருகிறது.

வால்யூமைப் பூஜ்யத்தில் வையுங்கள். ஹம் அப்படியே இருக்கிறதா? இரண்டு பக்கமும் வந்தால் பவர் சப்ளையின் பெரிய கெபாசிட்டர்கள்மீது சந்தேகம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது 100 ஹெர்ட்ஸில், சற்றே கூர்மையாகக் கேட்கும். வால்யூமோடு சேர்ந்து ஏறி இறங்கினால் காரணம் வெளியே: கேபிளின் எர்த் இழை அறுந்திருக்கும், அல்லது கேபிள் டிரான்ஸ்ஃபார்மரை உரசிப் போகும், அல்லது டர்ன்டேபிளின் மெல்லிய எர்த் வயரை ஆம்பின் ‘ஜிஎன்டி’ திருகில் மாட்டியிருக்க மாட்டீர்கள். கணினியை இணைத்தால் மட்டும் வருமானால் எர்த் லூப், அதாவது இரண்டு எர்த் பாதைகள் சேர்ந்து ஒரு வளையம் ஆகியிருக்கிறது. இரண்டையும் ஒரே பலகையில் செருகிப் பாருங்கள். போகாவிட்டால் ஆடியோ கேபிளின் நடுவில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று. பிளக்கின் எர்த் முள்ளை உடைப்பதோ துண்டிப்பதோ தீர்வே அல்ல. அது உயிரைக் காப்பதற்காக இருக்கும் முள்.

லவுட்னஸ் பட்டனைப் போட வேண்டுமா, வேண்டாமா?

மெதுவாகக் கேட்கும்போது போடுங்கள். சத்தம் குறையும்போது நம் காது பேஸை மற்றதைவிட வேகமாக இழக்கிறது. பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-ல் இதை அளந்து வரைபடமாகத் தந்தார்கள். அந்த இழப்பை ஈடுகட்டத்தான் இந்தப் பட்டன். வால்யூமை ஏற்றும்போது எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பேஸ் குழம்பும். பேஸ், ட்ரெபிள் குமிழ்களைத் தொடுவது தூய்மைக்குக் கேடு என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. பீட்டர் பேக்ஸண்டால் 1952-ல் வெளியிட்ட அமைப்பையும் அதன் வழிவந்தவற்றையும் கொண்ட இந்தக் குமிழ்கள் நன்றாகவே வேலை செய்கின்றன. அறைக்கும் பாட்டுக்கும் தக்கபடி திருப்புங்கள். ‘லோ ஃபில்டர்’ அல்லது ‘சப்சானிக்’ இசைத்தட்டு ஓட்டும்போது உதவும். நெளிந்த தட்டில் வூஃபர் முன்னும் பின்னும் ஆடுவது நின்றுவிடும்.

என்னுடையது வால்வு ஆம்ப். வேறு விதிகள் உண்டா?

உண்டு, கடுமையானவை. ஸ்பீக்கர் இணைக்காமல் பாட்டு ஓட்டவே கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் உயர் வோல்டேஜ் எழுந்து சுற்று கருகும். டிரான்சிஸ்டர் ஆம்புக்கு நேர்மாறு இது. ஸ்பீக்கரின் ஓமுக்கேற்ற முனையில் இணையுங்கள்: 4, 8, 16 என்று தனித்தனியாக இருக்கும். உள்ளே 400 வோல்ட் அளவுக்கு டிசி இருக்கும், அணைத்த பிறகும் கெபாசிட்டரில் தங்கும். பழக்கமில்லாதவர்கள் அடித்தட்டைத் திறக்கவே வேண்டாம். முதல் சோதனையில் சீரீஸ் பல்பு, வால்வு ஹீட்டர்களின் கரண்டால் கொஞ்சம் கூடுதலாகவே எரியும்.

வால்வின் நடுவில் ஆரஞ்சு இழை ஒளிர்வது இயல்பு. அதைச் சுற்றியுள்ள சாம்பல் நிறத் தகடே சிவந்து பழுத்தால் உடனே அணைக்க வேண்டும், வால்வின் ஓய்வுநிலைக் கரண்டைத் தீர்மானிக்கும் பயஸ் தவறியிருக்கிறது. பயஸை எப்படி அளப்பது என்பது செட்டுக்குச் செட்டு மாறும். உதாரணமாக 1959-ல் வந்த டைனாகோ எஸ்டி-70-இல், நான்கு இஎல்34 வால்வுகள், சேனலுக்கு 35 வாட். முன்பக்கச் சாக்கெட்டில் 1.56 வோல்ட் காட்டும்படி திருக வேண்டும்.

எங்கே வைப்பது? எப்போதும் ஆனிலேயே விடலாமா?

மேலே 10 செ.மீ. காலியிடம். மூடியின் துளைகள்மேல் டர்ன்டேபிளோ துணியோ வேண்டாம். கேட்காதபோது அணைத்துவிடுங்கள், சூடுதான் கெபாசிட்டரின் ஆயுளைத் தின்கிறது. ஆன் செய்யும்போது பிளேயர் முதலில், ஆம்ப் கடைசியில். அணைக்கும்போது ஆம்ப் முதலில். முதுகில் இருக்கும் பிளக் சாக்கெட்டுகளில் அதன் பக்கத்தில் எழுதிய வாட்டுக்கு மேல் எதையும் செருகாதீர்கள்.

ரிசீவரில் எஃப்எம் நிலையங்கள் பாதிதான் கிடைக்கின்றன.

டயலைப் பாருங்கள். 76-இல் தொடங்கி 90-இல் முடிந்தால் அது ஜப்பானின் உள்நாட்டுச் செட். 88–108 மெகாஹெர்ட்ஸ் நிலையங்களில் முதல் இரண்டு மெகாஹெர்ட்ஸ்தான் அதற்கு எட்டும். ஆம்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

கெபாசிட்டர் எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றிவிடலாமா?

நன்றாக ஓடும் செட்டில் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் மாற்றுவதை நான் ஆதரிக்கவில்லை. ஒவ்வொரு சாலிடரும் பழைய போர்டின் செம்புத் தடத்தைத் தூக்கிவிடும் வாய்ப்பு உண்டு. மாற்ற வேண்டியவை: உப்பியவை, கசிந்தவை, ஹீட் சிங்க்கை ஒட்டிச் சூட்டில் வாழ்ந்தவை, அளந்து பார்த்துத் தேறாதவை. ஒரு போர்டை முடித்து, ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். முன்னதாகப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வோல்டேஜ் அதே அளவு அல்லது கூடுதல். 105 டிகிரி வகை. துருவம் மாறக் கூடாது. பவர் சப்ளையில் பழைய அளவைப் போல இரண்டு மூன்று மடங்கு பெரிய கெபாசிட்டர் போட்டால் ஆன் செய்யும் நொடியில் ரெக்டிஃபையரும் ஸ்விட்சும் அடி வாங்கும்.

பெரிய கெபாசிட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் பசையையும் பாருங்கள். வெளிர் நிறத்தில் பூசப்பட்டது காலப்போக்கில் கரும்பழுப்பாகி, மின்சாரம் கடத்தவும் பக்கத்துக் கால்களை அரிக்கவும் தொடங்கும். அதைச் சுரண்டி எடுப்பது கெபாசிட்டர் மாற்றுவதைவிட முக்கியமாக இருக்கும் செட்டுகள் உண்டு.

டெக்னீஷியனிடம் கொண்டுபோனால் என்ன சொல்ல வேண்டும்?

எந்தச் சேனல், எந்த இன்புட், சூடான பிறகா உடனேயா, வால்யூமோடு மாறுகிறதா, ஹெட்ஃபோனில் எப்படி என்று எழுதிக் கொடுங்கள். அவருடைய பாதி நேரம் மிச்சம். மாடல் எண்ணுக்குரிய சர்வீஸ் மேனுவலைத் தேடி எடுத்து அதையும் கொடுங்கள். எஸ்டிகே என்று தொடங்கும் ஒற்றைக் கறுப்புக் கட்டைதான் உங்கள் செட்டின் அவுட்புட் என்றால், மாற்றுக் கட்டை எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். அசல் உற்பத்தி நின்றுபோனவற்றுக்குப் போலிகள் நிறைய. கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். செட் வீட்டுக்கு வந்ததும், ஸ்பீக்கரை மாட்டுவதற்கு முன், டிசி ஆஃப்செட்டை மறுபடி நீங்களே அளந்துவிடுங்கள்.